குழியை மூடிய பிறகு

கீழடியில் 2018ஆம் ஆண்டு எடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று ஆய்வகம் சொன்னது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அதை வெளியிட்டபோது அந்த எண் எல்லோர் வாயிலும் புழங்கியது. அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது: 353. அந்தக் கரி கிடைத்த ஆழம் 353 செ.மீ. ஆய்வகம் தந்தது முதல் எண்ணை மட்டும்தான். இரண்டாவதைக் குழிக்குள் நின்ற ஒருவர் அளந்து, எழுதி, கரியோடு சேர்த்து அனுப்பியிருக்கிறார். அந்தக் குறிப்பு வழியில் எங்கேயாவது தவறிப்போயிருந்தால், கி.மு. 580 என்பது ஒரு கரித்துண்டின் வயதாக மட்டும் நின்றிருக்கும். எந்த மண்ணின் வயது, அந்த மண்ணோடு கிடைத்த எந்தப் பானை ஓட்டின் வயது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அகழாய்வு என்றதும் நமக்குக் குழியும் மண்வெட்டியும் தூரிகையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தோண்டுவது என்பது ஒருவகையில் அழிப்பதுதான். ஒரு மண்ணடுக்கை ஒரே ஒருமுறைதான் தோண்ட முடியும். தோண்டி முடித்தபின் மிஞ்சுவது பொருள்கள், குறிப்புகள், அந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும் முடிச்சு. களப்பணி முடிந்த பிறகு நடக்கும் வேலை முழுவதும் அந்த முடிச்சு அவிழாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான். தோண்டிய நாட்களைவிடப் பல மடங்கு காலம் இதற்கு ஆகிறது. குழியைப் பார்க்க வருகிறவர்கள் இந்த வேலையைப் பார்ப்பதில்லை. பத்திரிகையில் படமும் வராது. எனக்கோ அகழாய்வின் பெரும்பகுதி இதுதான் என்று தோன்றுகிறது.

ஆழத்தை மட்டும் எழுதினால் போதுமா என்றால் போதாது. 1920களில் மொகஞ்சதாரோவைத் தோண்டிய ஜான் மார்ஷல் குழுவினர் பொதுவான ஒரு மட்டத்தை வைத்துக்கொண்டு, அதிலிருந்து இத்தனை அடி கீழே என்று பொருள்களுக்கு ஆழம் குறித்தார்கள். அக்கறையோடுதான் செய்தார்கள். ஆனால் மண்ணடுக்குகள் குளத்துத் தண்ணீர் மாதிரி சமமாகப் படுத்திருப்பதில்லை. ஒரு பக்கம் மேடாக இருக்கும், ஒரு பக்கம் சரிந்து போகும். பின்னால் வந்தவர்கள் வெட்டிய குப்பைக்குழி பழைய அடுக்கைக் குடைந்துகொண்டு கீழே இறங்கியிருக்கும். ஒரே ஆழத்தில் கிடைத்த இரண்டு பொருள்களுக்கு நடுவே நூற்றாண்டுகள் இடைவெளி இருக்கலாம். 1940களில் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைவராக வந்த மார்டிமர் வீலர் இந்தப் பழக்கத்தைக் கடுமையாகக் குறை சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது: அங்கே கிடைத்த எத்தனையோ பொருள்களின் ஆழம் நமக்குத் தெரியும், அவை எந்த அடுக்கைச் சேர்ந்தவை என்பது தெரியாது.

அதனால்தான் இப்போது ஆழத்தோடு சேர்த்து அடுக்கின் எண்ணையும் எழுதுகிறார்கள். ஒரு தரை, ஒரு சுவர், ஒரு குப்பைக்குழி, அந்தக் குழியை நிரப்பிய மண் என்று ஒவ்வொன்றுக்கும் தனி எண். 1973இல் எட்வர்ட் ஹாரிஸ் என்பவர், இவற்றில் எது முந்தியது எது பிந்தியது என்று ஒரே தாளில் காட்டும் வரைமுறை ஒன்றை உருவாக்கினார். ஒவ்வொரு எண்ணும் ஒரு கட்டம். கட்டங்களைக் கோடுகள் இணைக்கும். குழி மூடப்பட்ட பிறகும் இந்தத் தாளை வைத்துக்கொண்டு அந்த இடத்தை மனசுக்குள் மறுபடி அடுக்கிப் பார்க்கலாம்.

சரி, ஒரு பை பானை ஓட்டைப் பின்தொடர்ந்து போவோம்.

பை முகாமுக்கு வந்ததும் கழுவ ஆரம்பித்துவிடக் கூடாது. முதலில் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். குழியில் எழுதிய பதிவேட்டின்படி இன்று இத்தனை பை. கையில் இருப்பதும் அத்தனைதானா? அன்றைக்கே பார்த்தால் குறைந்த பை குழியோரத்தில் கிடைக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் கிடைக்காது. பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. இடத்தின் குறியீடு, ஆண்டு, குழி எண், அடுக்கு எண், ஆழம், தேதி, எழுதியவரின் பெயர்ச் சுருக்கம் எல்லாம் இரண்டிலும் இருக்க வேண்டும். பென்சிலில் எழுதுவதே நல்லது. அதில் இருப்பது கரி. வெயிலில் வெளிறாது, தண்ணீரில் கரையாது.

பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் என்ன ஆகும் என்பதை ஒரு கிடங்கில் பார்த்தேன். வரிசையாகப் பைகள். வெளிச்சீட்டின் எழுத்து வெளிறி வெறும் அழுத்தக்கோடாக நின்றது. உள்சீட்டைப் பூச்சி தின்றிருந்தது. உள்ளே அருமையான ஓடுகள், மெருகு கொஞ்சமும் குறையாத கருப்பு சிவப்பு ஓடுகள். எந்தக் குழி, எந்த அடுக்கு என்று சொல்ல ஆள் இல்லை. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

கழுவும்போது ஒரே விதிதான்: ஒரு நேரத்தில் ஒரு பை, ஒரு வாளி, ஒரு தட்டு. சீட்டு தட்டிலேயே இருக்க வேண்டும். பொழுது சாயும் நேரத்தில், மிச்சம் இரண்டு பைதானே, சேர்த்துக் கழுவிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அந்த ஒரு வாளியில் இரண்டு அடுக்குகள் கலந்துபோனால் பிறகு பிரிக்க வழியே இல்லை. பல் துலக்கும் பிரஷ்ஷில் மென்மையானதாக எடுத்து, ஓட்டின் முகத்தை மெதுவாகவும் உடைந்த ஓரங்களைக் கவனமாகவும் துடைக்க வேண்டும். உடைந்த ஓரத்தில் மண் தங்கினால் இரண்டு ஓடுகள் பொருந்துமா என்று பார்க்க முடியாது. களிமண்ணில் மணல் கலந்தார்களா, உமி கலந்தார்களா என்று தெரிவதும் அந்த ஓரத்தில்தான்.

மண் கரைந்து ஓடும்போது சில ஓட்டில் ஒரு கீறல் எழுந்து வரும். முதலில் ஒரு கோடு, பிறகு அதைக் குறுக்கே வெட்டும் இன்னொரு கோடு. குறியீடா, எழுத்தா என்று பார்ப்பதற்கு முன்னால் கோட்டின் கரையைப் பார்க்க வேண்டும். பானை ஈரமாக இருக்கும்போது கீறியிருந்தால் களிமண் இருபுறமும் ஒதுங்கிச் சின்ன வரப்பு மாதிரி நிற்கும். சுட்ட பிறகு கீறியிருந்தால் கரை நெடுக மேற்பூச்சு நுணுக்கமாகப் பெயர்ந்திருக்கும். முதலாவது பானை செய்யும் இடத்தில் போட்ட கீறல். இரண்டாவது, பெரும்பாலும் பானையை வைத்திருந்தவர் போட்டது. இந்த வித்தியாசம் அரை மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கிறது. முரட்டுப் பிரஷ்ஷால் நான்கு முறை தேய்த்தால் போய்விடும்.

கழுவவே கூடாத பொருள்களும் நிறைய. இரும்பு, செம்பு, உதிரும் கண்ணாடி, சுடாத களிமண், வண்ணம் தீட்டிய பரப்பு எதையும் தண்ணீருக்குள் விடக் கூடாது. ஒவ்வொரு அடுக்கிலும் சில பானை ஓடுகளைக் கழுவாமல், கைபடாமல் தனியே எடுத்து வைப்பது நல்ல பழக்கம். சமைத்தபோது பானைச் சுவருக்குள் ஊறிய கொழுப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே தங்கியிருக்கும். அதைப் பிரித்தெடுத்து, பால் காய்ச்சினார்களா இறைச்சி வேகவைத்தார்களா என்று இன்றைய ஆய்வகத்தில் சொல்லிவிட முடியும். அம்மிக்கல், திருகைக்கல் போன்றவற்றின் துளைகளில் தானிய மாவின் நுண்துகள் ஒட்டியிருக்கும். சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்திலேயே எத்தனையோ சான்றுகளைக் கழுவிக் கொட்டியிருக்கிறோம்.

கழுவியதை நிழலில் உலர்த்த வேண்டும். முழுக்கக் காயாமல் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். உப்பு மண்ணில் கிடந்த ஓடு என்றால் இன்னும் சிக்கல். காய்ந்தபிறகு உள்ளே இருக்கும் உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூத்து, மேற்பரப்பைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். அப்படிப்பட்ட ஓட்டை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, உப்பு இறங்குவது நின்றதா என்று மின்கடத்தும் அளவை வைத்துச் சோதிப்பார்கள்.

பிறகு ஓட்டின் மேலேயே எண் எழுதும் வேலை. பை கிழியலாம், சீட்டு தொலையலாம், ஓட்டின் மேல் எழுதியது ஓட்டோடு போகும். உட்புறத்தில், வேலைப்பாடு இல்லாத இடமாகப் பார்த்து, பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லியதாக ஒரு பூச்சு. காய்ந்ததும் அதன்மேல் மையால் பொடி எழுத்து. அதற்குமேல் இன்னொரு பூச்சு. வேண்டாம் என்றால் அதே அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடலாம். பொருளுக்கு எதைச் செய்தாலும் பின்னால் வருகிறவர் அதை நீக்க முடிகிற மாதிரி செய்ய வேண்டும் என்பது இந்தத் துறை பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 1950களில் சாக்கடல் சுருள்கள் எனப்படும் பழைய தோல் ஏடுகளின் துண்டுகளைச் சேர்த்து வைக்க அறிஞர்கள் சாதாரண ஒட்டுநாடாவைப் பயன்படுத்தினார்கள். பசை தோலுக்குள் இறங்கிக் கறுத்தது. அதை அங்குலம் அங்குலமாக நீக்கும் வேலை 1990களில் தொடங்கிப் பல ஆண்டுகளாக நடந்தது. அதே 1950களில் நஜீப் அல்பினா என்ற புகைப்படக்காரர் அந்தத் துண்டுகளை அகச்சிவப்புப் படங்களாகவும் எடுத்து வைத்தார். துண்டில் இன்று படிக்க முடியாத சில எழுத்துகள் அந்தப் படங்களில் இருக்கின்றன.

இனி ஓடுகள் பரப்பப்படும். இந்திய அகழாய்வுகளில் இதற்கு ‘பாட்டரி யார்டு’ என்று பெயர். தரையில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குழியின் ஒரு அடுக்கு. நடந்து பார்த்தாலே சில விஷயம் கண்ணில் படும்: இந்த அடுக்கு வரை கருப்பு சிவப்பு, அதற்குமேல் வெறும் சிவப்பு என்கிற மாதிரி. அப்புறம் உட்கார்ந்து வாய்விளிம்பு, கழுத்து, உடல், அடிப்பாகம் என்று பிரிப்பார்கள். களிமண்ணின் தன்மையைப் புது உடைவில் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியால் பார்ப்பார்கள். நிறத்தை அவரவர் கண்ணை நம்பி எழுதாமல் மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டுக் குறிப்பார்கள். ஒருவர் செம்மண் நிறம் என்பதை இன்னொருவர் பழுப்பு என்பார். அட்டையின் எண் என்றால் சண்டை இல்லை.

எண்ணிக்கை, எடை இரண்டையும் எழுத வேண்டும். ஒரு பெரிய தாழி உடைந்தால் தடித்த ஓடுகள் பல கிலோ வரும். மெல்லிய கிண்ணம் உடைந்தால் ஓடுகளின் எண்ணிக்கை பெருகும், எடை கிராமில் நிற்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கிண்ணம் பெரிதாகத் தெரியும், எடையை மட்டும் பார்த்தால் தாழி. அதனால் மூன்றாவதாக வாய்விளிம்பையும் அளக்கிறார்கள். வட்டத்துக்குள் வட்டமாக வரைந்த தாளில் விளிம்புத் துண்டை வைத்தால், வாயின் விட்டம் எவ்வளவு, இந்தத் துண்டு முழு வட்டத்தில் எத்தனை விழுக்காடு என்று இரண்டும் தெரிந்துவிடும். கையகலத் துண்டிலிருந்து முழுப் பானையின் உருவத்தைத் தாளில் வரைவது இப்படித்தான். நடுவில் ஒரு கோடு. ஒரு பக்கம் பானையை அறுத்தால் தெரியும் சுவர், மறுபக்கம் வெளித்தோற்றம். உலகத்தின் எந்த மூலையில் வந்த அறிக்கையானாலும் அந்தப் படத்தை மொழி தெரியாமலே படிக்கலாம்.

இவ்வளவு பொறுமையாகப் பிரித்து என்ன கிடைக்கும்? ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1899இல் செய்து காட்டினார். எகிப்தில் அரசர்கள் காலத்துக்கு முந்தைய கல்லறைகள்; கல்வெட்டு இல்லை, காலம் சொல்ல ஒன்றுமே இல்லை, பானைகள்தான் இருந்தன. கரிமக் காலக்கணிப்பு வருவதற்கோ அரை நூற்றாண்டு இருந்தது. சுமார் 900 கல்லறைகளுக்கு ஆளுக்கொரு அட்டைத் துண்டு வைத்து, ஒவ்வொன்றிலும் அந்தக் கல்லறையில் இருந்த பானை வகைகளை எழுதினார். ஒத்த வகைகள் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினார். அந்த வரிசைதான் காலவரிசை ஆயிற்று. பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள், ஆனால் அதன் முதுகெலும்பு நின்றது. எந்தக் கல்லறையில் எந்தப் பானை என்று எழுதி வைக்காமல் பானைகளை மட்டும் அள்ளி வந்திருந்தால் ஆயிரம் பானை இருந்தும் பயன் இல்லை.

மணி, காசு, முத்திரை, தக்களி, எலும்பு ஊசி மாதிரியானவற்றை ஓட்டோடு சேர்க்காமல் தனிப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அளவு, எடை, பொருள், கிடைத்த இடம், வரைபடம், அளவுகோல் வைத்த புகைப்படம். இந்த வகையில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது எகிப்து அரசர் துட்டன்காமன் கல்லறைப் பதிவுதான். 1922 நவம்பரில் ஹோவர்டு கார்ட்டர் கண்டுபிடித்த அந்தக் கல்லறையைக் காலி செய்யப் பத்து ஆண்டுகள் ஆயின. 5000க்கும் மேற்பட்ட பொருள்களுக்கு 1 முதல் 620 வரை எண்கள். ஒரு பெட்டிக்குள் பல பொருள் இருந்தால் பெட்டியின் எண்ணோடு எழுத்தைச் சேர்த்தார்கள். எதையும் நகர்த்துவதற்கு முன்னால் எண் எழுதிய சின்ன அட்டைகளை அவற்றின் பக்கத்தில் வைத்து ஹாரி பர்ட்டன் படம் எடுத்தார். மணிகள் கோத்த ஆடைகளில் நூல் மக்கிப் போயிருந்தது. தொட்டால் மணிகள் சிதறும். மெழுகை உருக்கி ஊற்றி மணிகளை இருந்த வரிசையிலேயே நிறுத்தி, பிறகு அந்த வரிசைப்படி கோத்தார்கள். கார்ட்டர் முழு ஆய்வறிக்கையை எழுதி முடிக்காமலே 1939இல் இறந்துபோனார். ஆனால் அவர்கள் எழுதிய அட்டைகள் ஆக்ஸ்போர்டில் கிரிஃபித் நிறுவனத்தில் இருக்கின்றன. இன்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் படிக்கலாம்.

உலோகப் பொருள் வெளியே வந்த நாளிலிருந்து கெட ஆரம்பிக்கிறது. மண்ணுக்குள் இத்தனை நாள் ஒரு சமநிலையில் இருந்தது. காற்றும் ஈரமும் பட்டதும் உள்ளே இருக்கும் குளோரைடு வேலையைத் தொடங்குகிறது. இரும்பு வெடித்து அடுக்கடுக்காகப் பிளக்கும். வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடி பூத்தால் அது வழக்கமான களிம்பு இல்லை, பொருளையே தின்கிற நோய். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது முதலுதவி. துருவைச் சுரண்டும் முன்னால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் சில வேளை பொருளின் உருவம் துருவுக்குள் மட்டும்தான் இருக்கும். கிரேக்கத் தீவான ஆன்டிகிதெரா அருகே கடலுக்கடியிலிருந்து 1901இல் எடுத்த வெண்கலக் கட்டி ஒன்றை ஏதன்ஸ் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். 1902இல் அதில் ஒரு பல்சக்கரம் கண்ணில் பட்டது. வானத்துக் கோள்களின் ஓட்டத்தைக் கணக்கிடும் கருவி அது என்று விளங்கியதில் 1970களின் எக்ஸ்ரே படங்களுக்கும் 2005இல் எடுத்த சி.டி. ஸ்கேனுக்கும் பெரும் பங்கு உண்டு. நூறு ஆண்டுகள் காத்திருக்க அந்தக் கட்டியை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள்.

நீரில் ஊறிய மரத்துக்கு அவசரம் இன்னும் அதிகம். காயவிட்டால் சுருங்கி நொறுங்கும். 1628இல் மூழ்கிய வாசா என்ற ஸ்வீடன் கப்பலை 1961இல் தூக்கினார்கள். மரத்துக்குள் இருக்கும் தண்ணீரின் இடத்தை பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற வேதிப்பொருள் பிடித்துக்கொள்வதற்காக அந்தக் கரைசலை 17 ஆண்டுகள் அதன்மேல் தெளித்தார்கள்.

மண்ணையும் கொண்டுவருகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அடுக்கிலிருந்து அள்ளிய மண்ணைத் தண்ணீரில் கலக்கினால் கருகிய விதைகள் மிதக்கும். நுண்சல்லடையில் பிடித்து உலர்த்தி, நுண்ணோக்கியில் பார்த்து நெல்லா, கம்பா, களையா என்று பிரிப்பார்கள். காலக்கணிப்புக்கும் விதை மிக நல்லது. ஒரு விதை ஒரே பருவத்தில் விளைந்தது. மரக்கரி அப்படியல்ல, முந்நூறு வயது மரத்தின் நடுத்தண்டு எரிந்த கரி, அடுப்பு மூட்டிய நாளைவிட முந்நூறு ஆண்டு பழைய காலத்தைக் காட்டிவிடும்.

இவை எல்லாம் இப்போது கணினியில் ஏறுகின்றன. நல்லதுதான். ஆனால் ஒருவர் ‘கருப்பு சிவப்பு’ என்றும் இன்னொருவர் ‘கறுப்பு-சிவப்பு’ என்றும் மூன்றாமவர் ‘க.சி.’ என்றும் அடித்திருந்தால் கணினிக்கு அது மூன்று வகைப் பானை. எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று முதல் நாளே ஒரு பட்டியல் போட்டுவிட வேண்டும். கோப்புகளும் சாகும். 1998இல் லண்டனில் நியூஹாம் அருங்காட்சியகத்தின் தொல்லியல் பிரிவு மூடப்பட்டபோது, 200க்கும் மேற்பட்ட ஃபிளாப்பி டிஸ்க்குகள் யார்க் நகரில் இருக்கும் தொல்லியல் தரவு மையத்துக்கு வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் மீட்க முடியவில்லை. பழைய மென்பொருளில் எழுதியது, விளக்கம் எழுதாமல் விட்டது எல்லாம் போனது போனதுதான்.

கடைசியில் எல்லாம் பெட்டிக்குள் போய் அலமாரியில் ஏறும். எந்த அறை, எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்தப் பெட்டி என்று ஒரு பதிவேடு. இந்தப் பதிவேடு இல்லாத கிடங்கில் பொருளைத் தேடுவது மறுபடி அகழாய்வு செய்வதற்குச் சமம். அடுக்குகள் மட்டும் இருக்காது.

அரிக்கமேட்டில் வீலர் தோண்டியது 1945இல். இத்தாலியில் செய்த அரெட்டைன் ஓடுகள் அங்கே கிடைத்தன. அவற்றின் காலம் தெரியும் என்பதால், அவற்றோடு அதே அடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பானைகளுக்கும் காலம் குறித்தார். அடுத்த ஆண்டே அறிக்கை அச்சில் வந்தது. ஓடுகளின் படங்கள், அடுக்குகளின் வெட்டுத்தோற்றம் எல்லாம் அதில் இருந்தன. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து தொல்லியல் அறிஞர் விமலா பெக்லி அந்தப் பதிவுகளையும் பழைய ஓடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மண்வெட்டிகூடப் போடாமல், வீலர் நினைத்ததைவிட முன்பே, ரோமானிய வணிகம் வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று 1983இல் எழுதினார். வீலரின் முடிவைத் திருத்தத் தேவையான சான்றை வீலரே அடுக்கு எண்ணோடு பதிந்து வைத்திருந்தார். 1989இல் பெக்லியின் குழு அரிக்கமேட்டில் மறுபடி குழி போடத் தொடங்கியபோது, எங்கே தோண்ட வேண்டும், எதைத் தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.